கணக்கைப் போட்டுக் கொடுப்பதா, போட வைப்பதா?

அகிலா:
நேற்று நம் நீட் குழுவில் கதிர் ஒரு கணக்குக் கேட்டான். சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஒரு திண்மக் கோளமும் ஒரு வளையமும் நழுவாமல் உருள்கின்றன, எது முதலில் கீழே வரும்? உடனே முழுத் தீர்வையும் போட்டோ எடுத்துப் போட்டாயிற்று. இது உதவியே இல்லை என்பேன். கேட்கிறவர் எதுவரை போட்டுப் பார்த்தார் என்று எழுதட்டும்; மாட்டிக்கொண்ட இடத்துக்கு மட்டும் வழி சொல்வோம்.

முகிலன்:
போட்டது நான்தான் அக்கா, இனியும் போடுவேன். கோச்சிங் போகிறவர்களுக்குச் சந்தேகம் கேட்க சார் இருக்கிறார். மற்றவர்களுக்கு இந்தக் குழுதான். ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்கிறவனிடம் ‘நீ என்ன போட்டாய், காட்டு’ என்றால் கூச்சப்பட்டு அடுத்த தடவை கேட்கவே மாட்டான். எங்கே மாட்டிக்கொண்டோம் என்றே தெரியாதவன் என்ன எழுதுவான்? தீர்வுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கே இந்தக் கணக்குகளின் போக்கு பிடிபட்டது.

அகிலா:
சரி, கதிருக்குப் பிடிபட்டதா? கோளத்தின் நிறையை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். இன்னும் சீக்கிரம் வரும் என்றான். நிறை அடிபட்டுப் போகிற வரி உன் தீர்வில் நடுவிலேயே இருக்கிறது. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, தப்பானால் ஒரு மதிப்பெண் போகும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் அங்கே என்ன செய்வான்?

ராஜி டீச்சர்:
அகிலா சொல்வதுதான் சரி. இந்தக் கணக்கின் உயிரே முதல் வரியில் இருக்கிறது. உச்சியில் இருந்த நிலை ஆற்றல் கீழே வரும்போது இரண்டாகப் பிரிகிறது: நகர்வதற்கு ஒரு பங்கு, சுழல்வதற்கு ஒரு பங்கு. கோளத்தில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போகிறது, வளையத்தில் சரிபாதி. அதனால்தான் வளையம் பிந்துகிறது. முதல் வரியைச் சொல்லிவிட்டு விடுங்கள், மீதியை அவர்களே போடட்டும். பொதுத்தேர்விலும் படிப்படியாகத்தான் மதிப்பெண்.

முகிலன்:
டீச்சர், முதல் வரியைப் பார்த்ததும் மீதியைப் போடத் தெரிந்தவன் ஏற்கெனவே பாதி தேறியவன். நிலைமத் திருப்புத்திறனை, அதாவது ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்கிற அளவை, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று விழிக்கிறவனைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவனுக்கு ஒரு தடவையாவது கடைசி வரை போட்டுக் காட்ட வேண்டும். வேண்டுமானால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுகிறேன். பாதியில் நிறுத்த மாட்டேன்.

கதிர்:
அண்ணா, வட்டத் தட்டுக்கு நானே போட்டுப் பார்த்தேன், சுழற்சிக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தது. அப்போ கோளம், தட்டு, வளையம் என்கிற வரிசையா? ஆரமும் அடிபட்டுப் போகிறதே, அது சரியா?

அகிலா:
இரண்டுமே சரி கதிர். ஆரம் எவ்வளவு இருந்தாலும் வரிசை மாறாது. முகிலா, எல்லாரும் இப்படிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

முகிலன்:
என் தீர்வைப் பார்த்த பிறகுதானே அக்கா இப்படிக் கேட்கிறான்?