அமைச்சரவை போனால் அமைச்சர் அலுவலகத்தில் இருக்கும் நிரந்தர ஊழியர் நிலை என்ன?

முத்தியால்பேட்டை (கேட்பவர்): புதுச்சேரி அரசில் நிரந்தர யு.டி.சி. (மேல்நிலை எழுத்தர்), இப்போது அமைச்சர் அலுவலகத்தில் பணி. ஆட்சி மாறினால் வேலைக்கு ஆபத்தா சார்? காரைக்காலுக்குத் தூக்கிப் போட்டால்?

பழைய கண்காணிப்பாளர்: வேலை போகாது. அமைச்சரோடு போவது கோ-டெர்மினஸ் நியமனம் (அமைச்சர் பதவிக்காலத்தோடு முடிவது) மட்டும், உத்தரவிலேயே எழுதியிருக்கும். உங்களுக்குத் தாய்த்துறையில் லீன் (நிரந்தரப் பணியிட உரிமை) இருக்கிறது. சிக்கல் சம்பளத்தில்தான். விடுவிப்பு உத்தரவு இல்லாமல் துறையில் சேர்க்க மாட்டார்கள், எல்.பி.சி. (கடைசிச் சம்பளச் சான்று) வராமல் சம்பள பில் நகராது. கோப்புப் பட்டியலை இரண்டு பிரதி எடுங்கள்: கோப்பு எண், கடைசிக் குறிப்புப் பக்கம், வாங்கியவர் கையெழுத்து. வாய்மொழி உத்தரவில் செய்த வேலைக்கு இப்போதே எழுத்தில் உறுதி கேளுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதி 3 அதற்குத்தான். அமைச்சர் போனபின் யார் கையெழுத்துப் போடுவார்?

காரைக்கால் பஸ் (இன்னொருவர்): மாற்றல் தண்டனை அல்ல, அதனால் வழக்கில் தடை கிடைப்பது அபூர்வம். பழிவாங்கல் என்றால் ஆதாரம் வேண்டும், செய்தவரைப் பெயர் சொல்லி வழக்கில் எதிர்தரப்பாகச் சேர்க்கவும் வேண்டும். முதலில் போய்ச் சேருங்கள் (ஊர் மாறினால், 1000 கி.மீ.க்குள் 10 நாள் சேரும் காலம்), பிறகு துறைக்கு மனு, அப்புறம் சென்னை சி.ஏ.டி. (மத்திய நிர்வாக ட்ரிப்யூனல்). அங்கே வழக்குப் போட ஓராண்டு கெடுவைத் தவறவிடாதீர்கள். பக்கத்துக் கடலூரில் தமிழக அரசு ஊழியர் என்றால் ட்ரிப்யூனல் கிடையாது, நேரே உயர் நீதிமன்றம்.

பழைய கண்காணிப்பாளர்: 2021 பிப்ரவரி 22-ல் நாராயணசாமி அரசு கவிழ்ந்தது, 25-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி, மே 7-ல் ரங்கசாமி பதவியேற்பு. இடையில் அமைச்சரே இல்லை. அப்படி வந்தால் தாய்த்துறை ஸ்தாபனப் பிரிவுக்கு (ஊழியர் விவகாரம் பார்க்கும் பிரிவு) நீங்களே கடிதம் கொடுங்கள். தானாகக் கூப்பிட மாட்டார்கள்.