பதில்: டான்ஸ் கவர் – ‘நகல் நடனம்’ வேண்டாம், ‘ஆடிப்பார்ப்பு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம். பிறர் ஆடிய நடனத்தைத் தாமும் ஆடிப் படம்பிடித்துப் போடும் வீடியோதான் ‘டான்ஸ் கவர்’. நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கென வந்த பரிந்துரைக்கும், என் சொல்லுக்கு வந்த கேள்விகளுக்கும் பதில் இது.

> டான்ஸ் கவர் = நகல் நடனம். ஆட்சேபம் இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

எனக்கு ஆட்சேபம் உண்டு. நகல் என்பது பத்திர அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்குவது; மூலத்திலிருந்து ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. இந்த வீடியோக்களைப் போடுகிறவர்கள் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. ‘எனக்கு வந்த அளவுக்கு ஆடியிருக்கிறேன்’ என்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வழக்கம் செழித்த இடங்களில் ஒன்று ஜப்பானின் நிக்கோ நிக்கோ வீடியோ தளம். அது தொடங்கியது 2006 டிசம்பரில். அதே ஆண்டு ஒளிபரப்பான சுசுமியா ஹாருஹி என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரின் நிறைவுப் பாடலில் பாத்திரங்கள் ஆடிய ஆட்டத்தை, ரசிகர்கள் படுக்கையறையிலும் டோக்கியோவின் அகிஹபாரா தெருவிலும் ஆடிப் படம்பிடித்துப் போட்டார்கள். முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடியவர்களும் நிறைய. இவ்வகை வீடியோக்களுக்கு அங்கே நிலைத்த பெயர் ‘ஒதொத்தே மித்தா’. ‘ஒதொத்தே’ என்றால் ஆடி, ‘மித்தா’ என்றால் பார்த்தேன். ஆடிப் பார்த்தேன்! நாம் ‘சாப்பிட்டுப் பார்’, ‘போட்டுப் பார்’ என்பதுபோலவே அவர்களும் ‘பார்’ என்ற வினையைத் துணைவினையாக வைத்து முயற்சியைச் சொல்கிறார்கள். கொரிய மொழியிலும் இதே அமைப்பு உண்டு. ஆனால் அங்கே ‘கவர் டான்ஸ்’ என்று இரவல் வாங்கிவிட்டார்கள். நாமும் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை: ஆடிப்பார்ப்பு.

> பார்ப்பு என்றால் பறவைக் குஞ்சு. தொல்காப்பியம் மரபியலைப் பார்க்கவும்.

பார்த்தேன் ஐயா. ஆனால் எதிர்பார்ப்பு, சரிபார்ப்பு என்று எழுதும்போது யாருக்கும் குஞ்சு ஞாபகம் வருவதில்லையே. இன்னொரு வசதியும் இருக்கிறது. நிக்கோ நிக்கோவில் பாடியதற்கும் வாசித்ததற்கும் இதே வாய்பாட்டில்தான் பெயர். நாமும் பாடிப்பார்ப்பு, வாசித்துப்பார்ப்பு என்று நீட்டிக்கொண்டே போகலாம். ‘நகல்’ அப்படி நீளாது. ‘நகல் பாட்டு’ என்றால் திருட்டுப் பாட்டு என்றுதான் காதில் விழும்.

நகல் என்றதும் உரிமைச் சிக்கலும் கூடவே வந்துவிடுகிறது. 2016இல் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முடிவில் நடிகர்கள் ஆடிய ‘கோய் டான்ஸ்’ நாடு முழுக்கப் பரவியது. நடன அமைப்பாளர் மிக்கிகோ அமைத்த ஆட்டம். பார்க்க எளிது, ஆடினால்தான் விரல் வேலை எவ்வளவு என்று தெரியும். டோக்கியோவில் இருந்த அமெரிக்கத் தூதர் கேரோலைன் கென்னடியே தூதரக ஊழியர்களோடு ஆடி வீடியோ வெளியிட்டார். பாட்டின் ஒலிப்பதிவை 90 விநாடி வரை ஆடிப்பார்ப்புகளில் சேர்த்துக்கொள்ள இசை நிறுவனம் அனுமதி தந்தது. 2017 ஆகஸ்டு முடிவோடு அந்தச் சலுகையை நிறுத்தி, போட்டவற்றை எடுத்துவிடச் சொன்னது. நிறுவனம் கணக்குப் பார்த்தது ஒலிப்பதிவுக்குத்தான், ஆட்டத்துக்கு அல்ல. இதையெல்லாம் ‘நகல்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், எது யாருடைய உரிமை என்று பேசவே முடியாமல் போகும்.

> ஆடி என்றால் கண்ணாடி. குழப்பம் வராதா?

நல்ல கேள்வி. ஏனென்றால் இந்தத் துறையில் கண்ணாடிக்கும் வேலை இருக்கிறது. கொரிய இசைக் குழுக்களின் நடனப் பயிற்சி வீடியோவில் கேமரா அசையாது, தலை முதல் கால் வரை தெரியும். ஆனால் ஆடுபவர் நம்மை நோக்கி நிற்பதால் அவர் வலக்கையைத் தூக்கினால் நமக்கு இடப்பக்கம் தெரியும். அதனால் கற்பவர்களுக்கென்று இடவலம் திருப்பிய பதிப்பும் போடுகிறார்கள். சட்டையில் அச்சடித்த எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் அது திருப்பியது என்று கண்டுபிடித்துவிடலாம். இதற்கு ‘இடவல மாற்றுப் பதிப்பு’ போதும். ஆடியை இதில் இழுக்காமல் விட்டால் குழப்பமும் இல்லை.

அப்புறம், ‘பாயிண்ட் டான்ஸ்’ பற்றி. கொரியக் குழுவான சூப்பர் ஜூனியர் 2009இல் ‘சாரி சாரி’ பாட்டில் உள்ளங்கைகளைத் தேய்த்தார்களே, கொரியப் பாடகர் சை 2012இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டில் குதிரை ஓட்டுவதுபோல் ஆடினாரே, அந்த ஒற்றை அசைவு. ‘முத்திரை அசைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பரதநாட்டியம் தெரிந்தவர்கள் கைமுத்திரையைத்தான் நினைப்பார்கள். கர்நாடக சங்கீதத்தில் ராகத்தை அடையாளம் காட்டும் சொற்றொடரைப் ‘பிடி’ என்கிறோம். ராகப்பிடி இருக்கும்போது ஆட்டப்பிடியும் இருக்கலாமே? கேட்டதும் ராகம் பிடிபடுவதுபோல, பார்த்ததும் ஆட்டம் பிடிபட வேண்டும் என்றுதான் அந்த அசைவை அமைக்கிறார்கள். ‘ஜோடி நடனத்தில் கைகோக்கும் பிடி’ என்று யாராவது பொருள்கொள்ள வாய்ப்பு உண்டு. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

‘வைரல்’ என்பதை வைரலாகவே விட்டுவிடலாம். ‘நச்சுப்பரவல்’ என்று பட்டியலில் இருப்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.