கி.மு. வருஷத்த சின்னப் பசங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டுலயே ரெண்டு பேருக்கும் பாடம் எடுக்குறேன், பெரியவனுக்கு 8, சின்னவளுக்கு 6. பைபிளையும் வரலாற்றையும் சேர்த்தே சொல்லலாம்னு சுவத்துல நீளமா டைம்லைன் ஒட்டி, கி.மு. 586ல எருசலேம் அழிஞ்சது, 539ல பாபிலோன் விழுந்ததுன்னு எழுதினா, "நம்பர் குறையுதே, காலம் பின்னாடி போகுதாம்மா?"ன்னு கேக்குறான். பைபிள்ல கோரேஸ், வரலாற்று புக்குல சைரஸ், ரெண்டும் ஒரே ராஜாதான்னு புரிய வைக்கவே அரை நாள் போச்சு. சின்னவளுக்கோ பிரமிடு கட்டுனதும் தானியேல் சிங்கக் கெபில கெடந்ததும் ஒரே வாரத்துல நடந்த மாதிரி 😅 வருஷத்தையெல்லாம் இப்போதைக்கு விட்டுட்டு கதையா மட்டும் சொல்லிட்டுப் போகலாமா, இல்ல வேற வழி இருக்கா? இந்த வயசுப் பசங்களுக்கு சொல்லிக்கொடுக்குறவங்க எப்படிப் பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.