புதுப்பிப்பு: அம்மாயி இருக்கும் முதியோர் இல்லம்

சேலத்து இல்லமொன்றில் அம்மாயி குளியலறையில் வழுக்கி விழுந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். 14567 முதியோர் உதவி எண்ணுக்கு (காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்) பேசச் சொன்னவர்களுக்கு நன்றி. பேசினேன், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் மனுவும் கொடுத்தேன். ஆய்வுக்கு வந்தார்கள்.

இப்போது கைப்பிடிக் கம்பி இருக்கிறது. ஆனால் வலப்பக்கச் சுவரில்! பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாயியால் வலக்கையில் எதையும் பிடிக்க முடியாது. "யாருக்குடா மாட்டுனாங்க இதை?" என்று சிரிக்கிறார். தீயணைப்புக் கருவியையும் மாற்றிவிட்டார்கள், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறது, அதாவது சரியாக இருக்கிறது. பழையதன் மேல் துண்டு காயப் போட்டிருப்பார்கள்.

இரவுக்கு இன்னும் ஒரே பணியாளர்தான், அதுவும் மாடியில். அதைக் கேட்டால் மட்டும் மேலாளருக்கு அவசரமாகப் போன் வந்துவிடுகிறது. சரி, இடப்பக்கம் கம்பி மாட்ட ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறாராம். நானும் போகிறேன்.