2.3 கிலோ என்று சொல்பவர்கள் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களா?

ஓய்வாசிரியர்:
சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த செம்பனைலாரி என்னும் அன்பர், தம் மகளுக்கு எந்த மடிக்கணினி வாங்குவது என்று நேற்று இங்கே கேட்டிருந்தார். பிள்ளை ஆராவில் உள்ள யூனிமேப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கப் போகிறாள். அவர் கையில் இருப்பது 4,500 வெள்ளி (ரிங்கிட்). அதற்குப் பட்டறைத்தம்பி, "கண்ணை மூடிக்கொண்டு கேமிங் லேப்டாப் வாங்குங்கள், எடை 2.3 கிலோதான், டூ-இன்-ஒன் எல்லாம் படம் பார்க்கத்தான் உதவும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். டூ-இன்-ஒன் என்பது திரையை முழுதாகத் திருப்பிப் பலகைக் கணினியாகவும் பயன்படுத்தக்கூடிய மடிக்கணினி.

அந்த 2.3 கிலோ என்னை இரவெல்லாம் உறுத்தியது. காலையில் என் பேரனின் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் தாமான் (குடியிருப்பு) மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த பருப்புத் தூளைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். கணினி மட்டும் 2.38 கிலோ. செங்கல்லைப் போன்ற அந்த 230 வாட் சார்ஜர், கம்பியும் மூன்று முள் பிளக்கும் சேர்த்து, 790 கிராம். ஆக 3.17 கிலோ. பதினான்கு அங்குல டூ-இன்-ஒன் ஒன்று ஏறத்தாழ 1.4 கிலோ, அதன் 65 வாட் டைப்-சி சார்ஜர் சட்டைப் பையில் அடங்கும். ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒரு தகப்பனுக்கு ஆலோசனை சொல்வது எந்த வகை நேர்மை?

பட்டறைத்தம்பி:
ஐயா, வணக்கம். நான் சொன்னது கணினியின் எடை. எந்த நிறுவனமும் சார்ஜரைச் சேர்த்துக் கணினியின் எடையைச் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கும்போது பெட்ரோலையும் சேர்த்தா எடை கேட்கிறோம்?

பொறியியல் மாணவிக்குத் தேவையானது வேகம். இயந்திரங்களை வரைந்து வடிவமைக்கும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட இயந்திரத்தைத் திருப்பிப் பார்க்கும்போது 8 ஜிபி நினைவகத்தோடு கூடிய ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் அட்டை என்ன செய்யும், செயலியோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் என்ன செய்யும் என்பதைப் பட்டறைக்கு வந்தால் காட்டுகிறேன். இன்னொன்று, டூ-இன்-ஒன்களில் பெரும்பாலானவற்றில் ரேம் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. 16 ஜிபி வாங்கினால் படிப்பு முடியும்வரை அதே 16 ஜிபிதான். கேமிங் லேப்டாப்பில் திருகைக் கழற்றிவிட்டு நானே கூட்டித் தருவேன். மேலும் வாங்கும் விலையில் 2,500 வெள்ளியை வருமான வரியில் அரசாங்கம் திருப்பித் தருகிறது. ஆகவே 4,500 என்பது உண்மையில் 2,000தான்.

ஓய்வாசிரியர்:
மோட்டாரை இழுத்தது நீங்கள்தான் என்பதால் சொல்கிறேன்: மோட்டாருக்குப் பெட்ரோலையும் சேர்த்தே எடை குறிக்கும் வழக்கம் உண்டு, அதற்குக் கெர்ப் வெயிட் என்று பெயர். ஆகவே உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது. ரேம், அட்டை, வேகம் என்று பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். சார்ஜரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

வரிக்கணக்கு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2,500 வெள்ளி திரும்பக் கிடைக்காது. அது வாழ்க்கைமுறைச் செலவுக்கான வரி விலக்கு. வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை. கடைசி வெள்ளிக்கு 6 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிச்சமாவது 150 வெள்ளி, 11 விழுக்காடு கட்டுபவருக்கு 275 வெள்ளி. வீட்டு இணையக் கட்டணமும் புத்தகங்களும் அதே 2,500க்குள்தான் அடங்கும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லை.

ஓய்வாசிரியர்:
கேட்டுக்கொள்ளுங்கள். 275ஐ 2,500 என்பவர் 3.17ஐ 2.3 என்பதில் வியப்பில்லை.

பட்டறைத்தம்பி:
வரியைப் பற்றிப் பேசுவது என் தொழில் இல்லை, வாடிக்கையாளர்கள் சொன்னதைச் சொன்னேன். ஆனால் எடையை மட்டும் பார்த்துப் பொருள் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கோயில் மண்டபத்தில் ஒரு சான்று இருக்கிறது. புரொஜெக்டர் வாங்கும்போது நான் சொன்னதைத் தள்ளிவிட்டு, "தூக்க எளிதாக இருக்கிறது" என்று சின்னதை வாங்க வைத்தவர் யார் என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். பகல் நிகழ்ச்சியில் திரையில் ஏதாவது தெரிகிறதா?

ஓய்வாசிரியர்:
அது தெரியாமல் போனதற்குக் காரணம் மண்டபத்தின் மேற்குப் பக்கத்துச் சன்னல்களுக்குத் திரைச்சீலை போடாததுதான். திரைச்சீலைக்கு ஒதுக்கிய பணத்தை ஒலிபெருக்கிக்கு மாற்றச் சொன்னது யார் என்பதும் பலருக்குத் தெரியும். அதை இங்கே கிளற நான் விரும்பவில்லை, நீங்கள்தான் கிளறினீர்கள்.

எடைக்கு வருவோம். சார்ஜரை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் கேமிங் லேப்டாப் மின்கலத்தில் ஓட வேண்டும். அட்டையும் செயலியும் சேர்ந்து 150 வாட் இழுத்தால், 80 வாட்-மணி மின்கலம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். இது மூன்றாம் படிவக் கணக்கு. கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்ல வருவீர்கள். அப்படியானால் அந்த வேகத்துக்காகக் கொடுத்த பணம் எதற்கு?

நம் ஊர் நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி தொடங்கினால், இந்தத் தாமானில் எந்த வீட்டிலும் பிளக் சுவரில் இருக்காது. மோடம் கருகிய வீடுகள் எத்தனை என்று பட்டறை வைத்திருப்பவருக்கே தெரியும். மழை விடும்வரை டூ-இன்-ஒன் வைத்திருக்கும் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும். கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளை மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆராவ்மாணவி:
நான் அதே துறையில் இறுதியாண்டு. இரு தரப்பிலும் பாதி சரி, பாதி மிகை. சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை மாற்றியதும் மாதிரியை மறுபடி கட்டும் வேலை பெரும்பாலும் செயலியின் ஒரே ஒரு கருவில்தான் (கோர்) நடக்கிறது, அதற்கு அட்டை பெரிதாக உதவாது. அந்த மென்பொருளுக்கென்று சான்றளிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலில் கேமிங் அட்டைகள் இல்லை. அவற்றிலும் ஓடும், ஆனால் அது வேறு செய்தி. முதல் இரண்டு ஆண்டுகளின் வரைபட வேலைக்கு நல்ல டூ-இன்-ஒன் போதும், வெப்ப இயக்கவியல் கணக்குகளைப் பேனாவால் திரையிலேயே எழுதுவது பெரிய வசதி. பிறகு வரும் சிமுலேஷன்களுக்குச் செயலியின் வலிமையும் 32 ஜிபி ரேமும் இருந்தால் நிம்மதி.

பட்டறை அண்ணனிடம் ஒரு கேள்வி: 4060 என்கிறீர்களே, எத்தனை வாட் 4060? அதே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விற்கிறார்கள், மெல்லிய உடலில் வருவது பெரும்பாலும் குறைந்த வாட்.

நான் வைத்திருப்பது கேமிங் லேப்டாப். வகுப்புக்கு எடுத்துப் போவது 100 வாட் டைப்-சி சார்ஜர் மட்டும். செங்கல் விடுதி அறையிலேயே இருக்கும்.

பட்டறைத்தம்பி:
வாழ்க மாணவி! பயன்படுத்துபவரே வந்து சொல்லிவிட்டார். 100 வாட் டைப்-சி சார்ஜர் 250 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2.63 கிலோ. ஐயாவின் 3.17 எங்கே போயிற்று?

ஓய்வாசிரியர்:
விடுதி அறைக்குப் போயிற்று. அந்தப் பிள்ளை தெளிவாக எழுதியிருக்கிறாள், சார்ஜர் அறையில் இருக்கிறது என்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஆராவுக்கு இ.டி.எஸ். ரயிலில் போகும்போது அந்தச் செங்கல் தானாக நடந்து போகுமா? தவிரவும் 150 வாட் கேட்கும் இயந்திரத்துக்கு 100 வாட் கொடுத்தால் மீதியை மின்கலம் ஈடுகட்டும், அல்லது அட்டை தூங்கும். மாணவி கேட்ட வாட் கேள்விக்கும் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

பட்டறைத்தம்பி:
டூ-இன்-ஒன்னின் கீலைப் பற்றி ஐயா ஏன் வாயே திறக்கவில்லை? 360 பாகை சுழலும் கீல் விட்டுப்போனால் மேல்மூடியும் சேர்ந்து விரிகிறது. தொடுதிரை உடைந்தால் கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். கடந்த மாதம் ஒரு பையன் மூடியை ஒரு கையில், உடலை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றான், நடுவே நாடா போன்ற ஒரு கம்பி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. உதிரிபாகத்தின் விலையைக் கேட்டதும் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஓய்வாசிரியர்:
என் பேரனின் கேமிங் லேப்டாப் காற்றாடிக்குள் செம்மண் தூசியும் ஒரு பல்லிக்குஞ்சும் இருந்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியதும் ஒரு பட்டறைதான். பழுதாகாத கணினி எதுவும் இல்லை, பழுது இல்லாவிட்டால் பட்டறையும் இல்லை. பேச்சைக் கீலுக்குத் திருப்பினால் சார்ஜரின் எடை குறையாது.

மூன்றாம்வழி:
இரண்டையும் ஒன்றாக்கிய பொருள் ஏற்கெனவே இருக்கிறதே. ஆசுஸ் நிறுவனம் 2021இல் ஃப்ளோ எக்ஸ்13 என்று ஒன்றை வெளியிட்டது. 360 பாகை திரும்பும், எடை 1.3 கிலோ. கூடுதல் வலிமை வேண்டும்போது எக்ஸ்ஜி மொபைல் என்ற வெளி கிராபிக்ஸ் பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். அந்தப் பெட்டி 1 கிலோ, 280 வாட் மின்வழங்கி அதற்குள்ளேயே இருக்கிறது.

பட்டறைத்தம்பி:
1.3 கிலோவும் 1 கிலோவும் 2.3 கிலோ. நான் முதல் நாளே சொன்ன எண்.

ஓய்வாசிரியர்:
இதைவிடத் துணிச்சலான வாதத்தை நான் முப்பதாண்டு ஆசிரியப் பணியிலும் கண்டதில்லை. நீங்கள் 2.3 என்று சொன்னது சார்ஜர் இல்லாத கேமிங் லேப்டாப்புக்கு. இது சார்ஜரையும் சேர்த்த டூ-இன்-ஒன்னுக்கு. சார்ஜரைச் சேர்த்துத்தான் எடை சொல்ல வேண்டும் என்ற என் கட்சிக்கு இப்போது நீங்களே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். தவிர, அந்தப் பெட்டியோடு சேர்த்து வாங்க 4,500 வெள்ளி எந்த மூலைக்குக் காணும்?

செம்பனைலாரி:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் பிள்ளைக்குப் பதிவு நாள். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவரை போக வேண்டுமா, ஈப்போவிலேயே வாங்கிவிடலாமா? 16 ஜிபி போதுமா என்றும் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

ஆராவ்மாணவி:
அங்கிள், ரேமைப் பிறகு கூட்ட முடிகிற மாதிரி என்றால் 16 போதும். பற்றவைத்தது என்றால் முதலிலேயே 32 பாருங்கள்.

பட்டறைத்தம்பி:
ஐயா அவர்களின் நேர்மைக்காக ஒன்று கேட்கிறேன். டூ-இன்-ஒன்னின் எடையில் பேனாவைச் சேர்த்தீர்களா? மெல்லிய கணினிகளில் சிலவற்றில் கம்பி இணைய வாயில் கிடையாது, எச்டிஎம்ஐ கூட இருப்பதில்லை. அதற்கு ஒரு கிளைப்பெட்டி (ஹப்) வாங்கித் தொங்கவிட வேண்டும். உறையையும் சேர்த்தால் கணக்கு எங்கே நிற்கும்?

ஓய்வாசிரியர்:
பேனா இருபது கிராம் கூட வராது. கிளைப்பெட்டியை நாளைக் காலையில் நிறுத்துப் போடுகிறேன். உறை கேமிங் லேப்டாப்புக்கும் தேவை, அதுவும் பெரிய உறை. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் 790 கிராமை எட்டாது என்று இப்போதே எழுதித் தருகிறேன்.

பட்டறைத்தம்பி:
எழுதித் தருவதற்கு முன் எந்தக் கிளைப்பெட்டி என்று சொல்லுங்கள். நான்கு வாயில் உள்ளதா, ஏழு வாயில் உள்ளதா?