திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம்: உறவினர்களுக்குத் தரங்கம்பாடியில் என்ன காட்டலாம்?

கேள்வி: வணக்கம். பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்திற்குத் திருக்கடையூர் வரும் உறவினர்களைத் தரங்கம்பாடியில் தங்க வைக்கிறோம். விசேஷம் காலையிலேயே முடிந்துவிடும் என்பதால், முதியவர்களும் குழந்தைகளும் மாலையில் எங்கே செல்லலாம் என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையும் கடற்கரையும் அடுத்தடுத்தே உள்ளன. வெயில் தாழ்ந்தபின் ராஜவீதியில் மெல்ல நடந்தால், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டுள்ள, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தையும் காணலாம். பெரியவர்களுக்கு அந்தத் தெரு சிரமம் தராது.

பதில் 2: கடலரிப்பில் முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. அலையைத் தடுக்கக் கொட்டியுள்ள பாறைகள் வழுக்கும் என்பதால், குழந்தைகளை அவற்றின் மேல் ஏற விட வேண்டாம்.

பதில் 3: மறுநாளும் தங்குவோருக்குப் பூம்புகார் ஏற்றது.