"காயலியே தம்பி": டேப்லெட்டுல பறை செஞ்ச கதை, உங்க கதையும் சொல்லுங்க

மஞ்சக்குப்பத்துலேர்ந்து:

வணக்கம் மக்களே. டேப்லெட் சிந்த் ஆப்ல (சத்தத்தை நாமளே உருவாக்கற ஆப்) டிரம் ஒன்-ஷாட் செய்யறவங்க கடலூர், பாண்டி பக்கம் யாராச்சும் இருந்தா கீழ வந்து உங்க அனுபவத்தைப் போடுங்க. புதுசா வர்றவங்களுக்கு: ஒன்-ஷாட்டுன்னா ஒரே ஒரு அடி. தட்டுனதுலேர்ந்து சத்தம் அடங்கற வரைக்கும் தனி ஃபைல். பேடுல (தட்டி வாசிக்கற எலக்ட்ரானிக் டிரம்) ஏத்திட்டா தட்டுறப்பல்லாம் அது பேசும்.

என் வீட்டுக்காரி தம்பி மெல்லிசைக் குழுவுல பேடு வாசிக்கிறான். போன வருஷம் வந்து, "மாமா, குத்துப்பாட்டுக்கு ஒரு பறை வேணும். நெட்ல கெடைக்கறத எல்லாக் குழுவும் வெச்சிருக்கு. நீங்கதான் எந்நேரமும் ஐபேட நோண்டிக்கிட்டு இருக்கீங்களே"ன்னான். நோண்டுறது நெசந்தான். ஆப் வாங்குன காசுக்கு நல்ல பறையே ஒண்ணு வாங்கியிருக்கலாம்.

கிக், அதாவது டிரம் செட்டுல கால்ல மிதிக்கற பெரிய டிரம்மோட சத்தம், எனக்கு முன்னாடியே கைவந்திருந்துச்சு. மூக் மாடல் டி ஆப்ல, சுரத்தை உண்டாக்கற மூணு ஆஸிலேட்டரையும் அணைச்சுட்டு எம்ஃபசிஸுங்கற குமிழை முழுசா ஏத்துனா, சத்தத்தை வடிகட்டற ஃபில்டரே தானாப் பாட ஆரம்பிச்சுடும். அந்தப் பாட்டை கான்டூர் (நேரம் போகப்போக அளவை மாத்தற பகுதி) வெச்சு சரேல்னு கீழ எறக்குனா "தும்". இந்த ஆப்புக்கு மூலமான, 1970-ல வந்த மினிமூக் சிந்த்லயே செஞ்ச வித்தைதான். அதே வழியில, கொஞ்சம் நாய்ஸ் (சுரமில்லாத வெறும் இரைச்சல்) கலந்து பறைக்குப் போனேன். பெயின்ட் வாளியக் கவுத்துப் போட்டுத் தட்டுன மாதிரி வந்துச்சு.

ஏன்னு தேடுனப்பதான் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. கம்பி அதிர்ந்தா அடிச் சுரத்தோட சேர்ந்து ஒலிக்கற மேல்சுரமெல்லாம் 1, 2, 3-னு முழு எண்ணுல அடுக்கா வரும். வட்டத் தோலு அப்படி இல்ல. அடிச் சுரம் 1-னா, அடுத்தது 1.59, அப்புறம் 2.14, 2.30, 2.65-னு கன்னாபின்னான்னு போகுது. மிருதங்கத்துல நடுவுல கரணை, அந்தக் கறுப்பு வட்டப் பூச்சு, இருக்கறதால மேல்சுரங்கள் முழு எண்ணுக்கு வந்து நிக்குது. அதை சர் சி. வி. ராமன் 1920-லயே நேச்சர் இதழ்ல எழுதிட்டாரு. அதனாலதான் மிருதங்கத்துக்குத் தெளிவா ஒரு சுருதி. பறையில கரணை கெடையாது, அந்தக் கன்னாபின்னாதான் அதோட குரலே.

உடனே கேகியூ டிக்ஸி. யமஹா டிஎக்ஸ்7 சிந்த்தை அப்படியே ஐபேடுக்குள்ள கொண்டுவந்த ஆப். அதுல 32-ஆவது அல்காரிதத்துல (இணைப்பு முறை) ஆறு ஆபரேட்டரும் (ஒவ்வொண்ணும் ஒரு அலைய உண்டாக்கும்) தனித்தனியா ஒலிக்கும், ஒண்ணை ஒண்ணு வளைக்காது. அஞ்சுக்கு அந்த அஞ்சு எண்ணைக் கொடுத்தேன். 2-க்கு மேல போயிட்டா ஃபைன்ங்கற நுண்ணளவு 0.02, 0.02-ஆத்தான் நகரும், 2.65 கெடைக்காது. 2.66 வெச்சேன், என் காதுக்கு ஒண்ணும் தெரியல. ஆறாவது ஆபரேட்டருக்கு மட்டும் ஃபீட்பேக் (தன் அலையாலயே தன்னை வளைச்சுக்கறது) உண்டு. அதை 7-க்கு ஏத்தி வெறும் கரகரப்பாக்கி, கண்ணிமைக்கற நேரத்துல அடங்க வெச்சேன். அது அடிக்குச்சி விழற "சட்". மேல போகப்போக ஒவ்வொரு சுரமும் சீக்கிரம் அடங்கணும், இல்லேன்னா வெண்கல மணி ஆயிடும்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டேன், புல்லரிச்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

மாசி மகத்தன்னைக்கு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு சாமிங்க தீர்த்தவாரிக்கு வருமில்ல, அங்க பறை அடிக்க வந்த அண்ணன் ஒருத்தர்கிட்ட தயங்கித் தயங்கி ஹெட்போன நீட்டுனேன். கண்ண மூடிக்கிட்டு மூணு தடவ கேட்டாரு. "பறைதான். ஆனா காயலியே தம்பி"ன்னாரு.

அப்புறம் வைக்கோலப் பத்தவெச்சு அவரு பறையக் காட்டுனாரு. கடக்காத்து ஈரத்துல தொளதொளன்னு "தொம்"முன்னு கெடந்த தோலு, சூடு ஏற ஏற "டண்"ணுன்னு வெடிக்குது. விரல் நுனியால சுத்திலும் தட்டித் தட்டிப் பாக்கறாரு, எந்தப் பக்கம் கொறையுதோ அந்தப் பக்கத்தை மறுபடி தீயில காட்டறாரு. நான் அடிச்சிருந்தது தீயே பாக்காத பறை!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தோலோட இழுவிசை ரெண்டு மடங்கானா சுருதி ரெண்டு மடங்காகாது, அதோட வர்க்கமூலம்தான், 1.41 மடங்கு. அதாவது ஸ-வுல இருந்தது பிரதி மத்யமத்துக்கு ஏறும். 180 ஹெர்ட்ஸ்ல வெச்சிருந்ததை 255-க்கு ஏத்துனேன். சத்தத்தோட நீளத்தைப் பாதியாக் குறைச்சேன். குச்சி சத்தத்தைக் கூட்டுனேன். பிட்ச் என்வலப்ல (சுருதி நேரத்தோட எப்படி மாறணும்ங்கற அமைப்பு) ஆரம்பத்துல மட்டும் ஒரு சின்ன சறுக்கு, ஓங்கி அடிச்சா தோலு ஒரு கணம் கூடுதலா இழுபடும்ல, அதுக்கு. காஞ்சுது.

மேடைக் கூத்தை மச்சானே சொல்லுவான், அவனையும் இங்க கூட்டியாந்திருக்கேன்.

பாண்டி முத்தியால்பேட்டை:

நான் ஐபேட் இல்ல தல, பழைய ஆண்ட்ராய்டு டேப்புல காஸ்டிக்குங்கற மியூசிக் ஆப். அதுல மாடுலர்னு ஒண்ணு இருக்கு, வயர் மாட்டி வெளையாடலாம். கடலூர் பஸ்ல ஜன்னலோரம் கெடைச்சா ஊர் போய்ச் சேரறதுக்குள்ள ஒரு சவுண்டு. 808-ங்கற ரோலண்ட் டிரம் மிஷின்ல கௌபெல்லுன்னா (மாட்டு மணிச் சத்தம்) ரெண்டே சதுர அலைதான், ஒண்ணு 540 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொண்ணு 800 பக்கம், அப்புறம் ஒரு ஃபில்டர். அதைப் போட உக்காந்தவன் அடங்கற நேரத்தைத் தெரியாம இழுத்துட்டேன், பெருமாள் கோயில் சேகண்டி வந்து நின்னுச்சு! பக்கத்து சீட்டுப் பெரியவர் ஹெட்போன்லேர்ந்து கசிஞ்சதைக் கேட்டு, "எந்தக் கோயில் தம்பி?"ன்னாரு. கௌபெல்லை விட்டுட்டேன், சேகண்டிய வெச்சுக்கிட்டேன்.

அந்த மச்சான்:

மாமா தன் பெருமைய மட்டும் எழுதியிருக்காரு. திருப்பாதிரிப்புலியூர்ல கல்யாண வரவேற்பு. சவுண்டு செக்ல பேடுக்குள்ள ஃபைல் ஏறவே மாட்டேங்குது. இவரு ஐபேட்ல 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்ல ரெக்கார்ட் பண்ணி அப்படியே அனுப்பிட்டாரு. என் பேடு 44.1, 16 பிட் தவிர எதையும் தொடாது. மாப்ள வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சு, இவரு மண்டபத்துப் பந்தி வரிசையில நின்னுக்கிட்டு ஆடியோஷேர் ஆப்ல ஒவ்வொண்ணா மாத்தி அனுப்பறாரு.

ஏறுனதும் அடுத்த வம்பு. கை விழுந்த அப்புறம் சத்தம் வருது. ஃபைல் தலையில நூலிழை மாதிரி வெத்தெடம். பாக்கறவங்களுக்குத் தெரியாது, வாசிக்கறவன் கைக்குத் தெரியும். இப்ப மாமா அலையப் பெருசாக்கி, அடி கெளம்பற எடத்துலயே வெட்டறாரு. அலை பூஜ்யத்தத் தொடற எடமாப் பாத்து வெட்டணும், நடுவுல வெட்டுனா "டிக்"குன்னு ஒரு பூச்சி கடிக்கும்.

மூணாவது என் குறை, அது இன்னும் பாக்கி. வேகமா உருட்டுனா எல்லா அடியும் அச்சு வார்த்த மாதிரி ஒண்ணே. தையல் மிஷின் ஓட்டற மாதிரி இருக்கு. கொஞ்சம் கொஞ்சம் மாறுன நாலு அடி கேட்டிருக்கேன்.

லாஸ்பேட்டை டீச்சர்:

ஸ்கூல் ஆண்டு விழா ஒயிலாட்டத்துக்காக நானும் முயற்சி பண்ணேன். பறை, பம்பை ஓரளவு வந்துடுச்சு சார். உருமிதான் எதைப் பண்ணாலும் பசிச்ச பூனை மாதிரியே கத்துது. பிள்ளைங்க சிரிக்கறாங்க. யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

மஞ்சக்குப்பம்:

டீச்சர், எனக்கும் அது முழுசா வரல. ஆனா பூனை ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சேன். பிட்ச்சை வழவழன்னு ஏத்தறோம், அதான். வளைஞ்ச குச்சி தோல்ல ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி வருது, வயலின் வில்லு மாதிரி. அந்த ஒட்டல்தான் "ர்ர்ரூம்"முங்கற பொருபொருப்பு. பிட்ச் ஏறட்டும், கூடவே வால்யூமை நாய்ஸால வேகமா உதற விட்டுப் பாருங்க, அப்புறம் மேல் அலைவரிசையெல்லாம் நல்லா வெட்டிடுங்க. என்னுது இப்ப பூனையிலேர்ந்து தவளைக்கு வந்திருக்கு.

முத்தியால்பேட்டை தம்பி, அந்த சேகண்டிய எனக்கு அனுப்பு. 44.1-ல.

மச்சான், மூணு அடி ஆயிடுச்சு. நாலாவது சுண்டுக்குச்சி மட்டும் விழற மாதிரி மெல்லிசா வேணும், அது இன்னும் காயல. வெள்ளிக்கெழம கச்சேரிக்கு மூணை வெச்சு ஓட்டு.